கைப்பணியைக் காப்பதற்குக் கடை திறந்தவர்கள்

யப்பான் என்றதும் எம்மவர் நினைவுக்கு வருபவை மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பியும் தையல் இயந்திரமுமே. இயந்திரத்தால் உலகச் சந்தையை வென்ற அந்நாட்டில், கையால் கிண்ணம் வனைவோரும் தறியில் துணி நெய்வோரும் மரத்தைக் கடைந்து அரக்குப் பூசுவோரும் இன்றும் பல்லாயிரவராக வாழ்கின்றனர் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அவர்களுடைய தொகை விரைவாகக் குறைந்து வருகின்றது என்பதை அறிந்தவர்கள் இன்னும் குறைவு. இக்குறைவைத் தடுப்பதற்கு அங்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை இங்கு நோக்க விரும்புகின்றோம்.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். ஒரு கைப்பணியைக் காப்பாற்ற விரும்புவோர் அதைப் பற்றி நூல் எழுதலாம், விருது வழங்கலாம், நூதனசாலை அமைக்கலாம். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் எவராவது ஒருவர் துணிந்து கடை திறந்து, அப்பொருளை வாங்கி, நாளாந்தம் விற்று, விற்காத நட்டத்தைத் தம் தலையில் ஏற்காதவரை அக்கைப்பணி பிழைக்காது. கடை என்பது கைப்பணிக்கு வெளியே நிற்கும் ஒன்றன்று, அது கைப்பணியின் ஓர் உறுப்பே என்பது எமது நிலைப்பாடு.

யப்பானிய அரசாங்கம் இவ்விடயத்தில் கைகட்டி நிற்கவில்லை. 1974 ஆம் ஆண்டில் மரபுவழிக் கைப்பணிக் கைத்தொழில்களை மேம்படுத்துவதற்கெனத் தனிச் சட்டமொன்றை இயற்றியது. சட்டத்தின் அங்கீகாரத்தைப் பெறுவதற்குப் பொருள் அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருத்தல் வேண்டும், அதன் முக்கியமான பகுதி கையால் செய்யப்படுதல் வேண்டும், நுட்பமும் மூலப்பொருளும் ஏறத்தாழ நூறாண்டுகளாகத் தொடர்ந்து வந்தவையாக இருத்தல் வேண்டும், ஒரு பிரதேசத்தில் குறிப்பிட்ட தொகையினர் அத்தொழிலைச் செய்துகொண்டிருத்தல் வேண்டும். இன்று 240 க்கு மேற்பட்ட கைப்பணிகள் இப்பட்டியலில் உள்ளன. பன்னிரண்டு ஆண்டு அனுபவம் பெற்றவர்களுக்குப் பரீட்சை வைத்து 'மரபுவழிக் கைப்பணியாளர்' என்னும் தகைமையும் வழங்கப்படுகின்றது.

சட்டம் நல்ல சட்டமே. அன்றாடப் பயன்பாட்டை முதல் நிபந்தனையாக வைத்தவர்கள் விடயம் அறிந்தவர்கள். எனினும் 1979 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 இலட்சத்து 88 ஆயிரமாக இருந்த தொழிலாளர் தொகை, 2010 களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 60 ஆயிரமாக வீழ்ந்துவிட்டது. 1980 களின் முற்பகுதியில் ஏறத்தாழ 54,000 கோடி யென்னாக இருந்த ஆண்டு உற்பத்திப் பெறுமதி 10,000 கோடி யென் அளவிற்குச் சுருங்கிவிட்டது. சட்டம் பெயரைப் பாதுகாத்தது, தொழில் பழகுவோருக்கும் கண்காட்சிக்கும் உதவிப்பணம் கொடுத்தது. பொருளை வாங்கும் ஆளை மட்டும் சட்டத்தால் உண்டாக்க முடியவில்லை.

வாங்குவோர் போனதற்குக் காரணங்கள் பல. மக்கள் கிமோனோ உடுப்பதைக் குறைத்தனர். முன்னோரை வணங்கும் பெரிய பீடங்களை வைப்பதற்கு மாடிக் குடியிருப்புகளில் இடமில்லாது போயிற்று. திருமணத்திற்கு வருவோர் எல்லோருக்கும் அரக்குப் பாத்திரம் கொடுத்தனுப்பும் வழக்கம் மங்கியது. பிளாஸ்ரிக் கிண்ணம் மலிவாகக் கிடைத்தது. இவற்றுக்காக எவரையும் குறை கூறுவதற்கில்லை. வாழ்க்கை மாறியது, பொருள் மாறவில்லை. பொருளை மாற்றியிருக்க வேண்டிய கைப்பணியாளருக்கோ தாம் செய்ததை யார் வாங்கினார், என்ன சொன்னார் என்பது தெரியாது. ஏனெனில் அவருக்கும் பாவனையாளருக்கும் இடையே இரண்டு மூன்று அடுக்கில் மொத்த வியாபாரிகள் நின்றனர்.

இவ்விடத்தில் மொத்த வியாபாரிகளைத் திட்டுவது எம்மைப் போன்று அபிவிருத்திப் பணியில் ஈடுபடுவோருக்கு வழக்கமான காரியம். நாம் அதைச் செய்யப் போவதில்லை. பழைய யப்பானிய மொத்த வியாபாரி வெறும் இடைத்தரகர் அல்லர். மூலப்பொருளை முற்பணமாகக் கொடுத்தவரும், எந்த ஊரில் எந்த நிறம் விலைபோகும் என்று அறிந்து வந்து சொன்னவரும், விற்காத பொருளைத் தம் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டவரும் அவரே. நோட்டோ தீவகற்பத்திலுள்ள வஜிமா என்னும் ஊரின் அரக்குப் பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கிண்ணம் நூற்றுக்கு மேற்பட்ட படிமுறைகளைக் கடந்து உருவாகின்றது. மரம் கடைபவர் ஒருவர், அடிப்பூச்சுப் பூசுபவர் இன்னொருவர், மேற்பூச்சுக்கு வேறொருவர், பொற்பொடியால் சித்திரம் தீட்டுவதற்கு மற்றொருவர் என்று வேலை பிரிந்து கிடக்கின்றது. இவர்கள் எல்லோரையும் ஒன்றுசேர்த்து வேலை வாங்கிய 'நுஷியா' எனப்படும் முதலாளி, தாமே மாதிரிப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு நாடு முழுவதும் நடந்து விற்றார். ஒரே தடவையில் விலை கொடுக்க இயலாத கிராமத்தவர்கள் எமது சீட்டுப் போன்ற குழுவொன்றை அமைத்து, மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்துப் பாத்திரம் எடுத்தனர். வஜிமாவின் புகழ் நாடெங்கும் பரவியதில் அரக்கின் உறுதிக்கு எவ்வளவு பங்குண்டோ, அந்தச் சீட்டுக்கும் கால்நடைக்கும் அவ்வளவு பங்குண்டு.

ஆகவே வியாபாரம் வந்து கைப்பணியைக் கெடுத்தது என்பது வரலாற்றுக்கு ஒவ்வாத பேச்சு. பழைய வியாபாரம் செயலிழந்த இடத்தில் புதிய வியாபாரம் எழவில்லை என்பதே உண்மைக் குறை. அதை எழுப்ப முயன்றவர்களுள் எம்மை மிகவும் கவர்ந்தவர் ஒரு வைத்தியர்.

யோஷிதா ஷோயா 1898 ஆம் ஆண்டில் மேற்கு யப்பானின் தொத்தோரியில் பிறந்தார். காது, மூக்கு, தொண்டை வைத்தியம் படித்தவர். படிக்கும் காலத்திலேயே யனாகி சோஎட்சு என்னும் சிந்தனையாளரின் எழுத்துகளில் ஈடுபட்டார். பெயர் அறியாத சாதாரணத் தொழிலாளர் சாதாரண மக்களின் பாவனைக்காகச் செய்யும் பொருட்களிலேயே மெய்யான அழகு உண்டு என்று போதித்தவர் யனாகி. 'மக்கள் கைப்பணி' என்னும் பொருள்படும் 'மிங்கேய்' என்ற சொல்லை 1925 ஆம் ஆண்டில் அவரும் நண்பர்களும் உருவாக்கினர். 1936 ஆம் ஆண்டில் ரோக்கியோவில் அதற்கென ஒரு நூதனசாலையும் திறந்தார். யனாகி அழகைக் கண்டு சொன்னவர். அந்த அழகைச் செய்பவன் நாளைக்கு என்ன சாப்பிடுவான் என்று கேட்டவர் யோஷிதா. எமது கணிப்பில் இரண்டாவது கேள்வியே கடினமானது.

1931 ஆம் ஆண்டில் யோஷிதா சொந்த ஊரில் வைத்தியசாலை திறந்தார். பட்டினத்துக் கடையொன்றில் கண்ட சாதாரண மண்கிண்ணமொன்று அவர் மனதைக் கவர்ந்தது. அது எங்கே செய்யப்பட்டதென்று விசாரித்து, உஷினோதோ என்னும் இடத்துச் சூளையைத் தேடிச் சென்றார். நான்காம் தலைமுறைக் குயவரொருவர் அங்கு நலிந்துபோன தொழிலோடு போராடிக்கொண்டிருந்தார். சாடியும் நீர்ப்பானையும் வாங்கும் மக்கள் குறைந்துவிட்டனர். யோஷிதா அவருடைய கைத்திறனைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பவில்லை. இன்ன அளவில் தட்டு வேண்டும், இன்ன வடிவில் கோப்பை வேண்டும் என்று புதிய வாழ்க்கைக்கு ஏற்ற பொருட்களைச் சொல்லிச் செய்வித்தார். அச்சூளையில் பழக்கத்திலிருந்த பச்சை, கறுப்புப் பூச்சுகளை வைத்தே, ஒரு தட்டின் பாதி பச்சை, மறுபாதி கறுப்பு என்று நேர்கோட்டில் பிரிந்து நிற்கும் தட்டு உருவாயிற்று. இன்றும் உஷினோதோ என்றால் அந்தத் தட்டையே அறிந்தோர் முதலில் நினைப்பர். மண் பழையது, பூச்சு பழையது, கை பழையது. கேட்ட ஆள் மாத்திரம் புதியவர்.

மண்ணோடு அவர் நிற்கவில்லை. பட்டுப்பூச்சி வளர்க்கும் வீடுகளில் விற்பனைக்கு உதவாது கழிக்கப்பட்ட கூடுகளிலிருந்து கையால் திரித்த, கணுக்கணுவான முரட்டுப் பட்டு நூல் அப்பகுதியில் கிடைத்தது. அந்நூலில் கழுத்துப்பட்டி நெய்வித்தார். நகரத்து உத்தியோகத்தர்கள் மேலைத்தேய உடை அணியத் தொடங்கிவிட்ட காலமது. கிமோனோவுக்குத் திரும்புங்கள் என்று அவர்களுக்குப் போதிப்பதிலும் பார்க்க, அவர்கள் கட்டுகின்ற கழுத்துப்பட்டியை ஊரில் நெய்வது புத்தி என்று அவர் கண்டார். தச்சர்களைக் கொண்டு கதிரையும் மேசைவிளக்கும் செய்வித்தார். அவருடைய வைத்தியசாலைத் தளபாடங்களே அவற்றுக்கு விளம்பரமாயின.

செய்வித்தவை குவிந்தன. விற்பது யார்? 1932 ஆம் ஆண்டில் தொத்தோரியில் 'தக்குமி' என்ற பெயரில் கடை திறந்தார். மறுவருடமே தலைநகரின் விலையுயர்ந்த கடைத்தெருவாகிய கின்சாவில் அதே பெயரில் இன்னொரு கடை எழுந்தது. மக்கள் கைப்பணிக்கென்றே யப்பானில் திறக்கப்பட்ட முதற் கடைகள் இவையெனலாம். பிற்பாடு 1949 இல் தொத்தோரிக் கடையின் அருகே ஒரு சிறிய நூதனசாலை அமைத்தார். 1962 இல் ஓர் உணவுச்சாலையும் திறந்து, ஊர்ச் சாப்பாட்டை ஊர்த் தட்டுகளில் பரிமாறச் செய்தார். நூதனசாலையில் தொழிலாளி நல்ல பொருளைக் கண்டு கற்றான். கடையில் அவன் செய்தது காசாயிற்று. உணவுச்சாலையில் வாங்குவோர் அந்தத் தட்டைக் கையிலெடுத்து, சூடான கறியோடு அதன் பாரத்தை உணர்ந்தனர். மூன்றும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. அபிவிருத்தித் திட்டமென்று பல நூறு பக்கங்களில் வரைவோர் இந்த மூன்று கட்டடங்களின் ஒழுங்கை ஒருமுறை சிந்திப்பது நல்லது.

யோஷிதா 1972 ஆம் ஆண்டில் காலமானார். வைத்தியத் தொழிலை அவர் கைவிட்டதில்லை. தொத்தோரியின் புகழ்பெற்ற மணற்குன்றுகளைப் பாதுகாப்பதற்கும் அவரே முன்னின்று உழைத்தார் என்பது இக்கட்டுரைக்குப் புறம்பானதாயினும் சொல்லாமல் விட மனமில்லை. இரு கடைகளும் இன்றும் நடைபெறுகின்றன. உஷினோதோ சூளையும் எரிகின்றது.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். ஏழையின் கைப்பணியென்று யனாகி போற்றிய பொருள் கின்சாவில் விற்கப்பட்டால் ஏழைக்குக் கிட்டுமா? கிட்டாதுதான். இயந்திரம் வந்த பின்னர் கைப்பணி ஏழையின் பொருளாக இருப்பது மிக அரிது. பெயரற்ற தொழிலாளரைப் போற்றிய இயக்கத்திலிருந்தே ஹமாதா ஷோஜி, கவாய் கஞ்ஜிரோ போன்ற பெயர்பெற்ற கலைஞர்கள் தோன்றி, அவர்களது பாத்திரங்கள் பெருவிலைக்குப் போயின என்பதும் உண்மை. நாம் இதைத் துரோகமென்று கருதவில்லை. ஆனால் விலை ஏறும்போது அந்த விலை எவரைச் சென்றடைகின்றது என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

எல்லாம் விலையுயர்ந்தவையாக இருக்கவேண்டுமென்பதுமில்லை. நாரா நகரில் 1716 ஆம் ஆண்டில் தொடங்கிய நக்ககாவா மசாஷிச்சி என்னும் நிறுவனம் வெளுத்த சணல்நார்த் துணி விற்றது. சாமுராய் வீரர்களின் சடங்கு உடைக்கு அத்துணி வேண்டியிருந்தது. 1868 இன் பின் சாமுராய்களே இல்லாது போயினர். நிறுவனம் தட்டுத்தடுமாறி உயிர் பிழைத்தது. அதே நாராவில் நுளம்புவலைத் துணி நெய்யும் தொழிலும் இருந்தது. சன்னல்களுக்குக் கம்பிவலையும் வீடுகளுக்குக் குளிரூட்டியும் வந்தபின் நுளம்புவலைக்குள் படுப்போர் அரிதாகினர். அந்த ஐதான நெசவு நீரை நன்றாக உறிஞ்சி விரைவில் உலரும் என்பதைக் கண்டு, அத்துணியைப் பல வண்ணங்களில் சாயமிட்டுப் பாத்திரம் துடைக்கும் துணியாக விற்றனர். 2008 ஆம் ஆண்டில் அது நாட்டின் சிறந்த வடிவமைப்புக்கான தங்க விருதைப் பெற்றது. ஒன்றின் விலை ஆயிரம் யென்னுக்கும் குறைவு. இது இயந்திரத் தறியில் நெய்யப்படுவது, ஆகையால் கைப்பணி அன்று என்று சிலர் கூறலாம். நெசவாளரின் வீட்டில் அடுப்பு எரிகின்றது என்பது எமக்குப் போதும்.

இந்நிறுவனத்தின் 13 ஆம் தலைமுறையினரான நக்ககாவா ஜுன் கணினிக் கம்பனியொன்றில் வேலை பார்த்தபின் 2002 ஆம் ஆண்டில் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். 2007 இல் 'யப்பானின் கைப்பணிக்குத் தெம்பூட்டுவோம்' என்பதைத் தம் நிறுவனத்தின் நோக்கமாக அறிவித்தார். தாமே கடைகளைத் திறந்தார். ஐம்பதுக்கும் அதிகமான கடைகள் இன்று நாடெங்கும் உள்ளன. தம் கடைக்குப் பொருள் தரும் சிறு தொழிலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைக் கண்டு, அவற்றுக்கு ஆலோசனை கூறவும் முற்பட்டார். அவர் முதலில் கேட்பது கணக்குப் புத்தகத்தை. அழகான வரைபடம் பிறகு வரும். நாகசாக்கி மாகாணத்து ஹசாமி என்னும் பீங்கான் ஊரிலிருந்து நொடிந்துபோகும் நிலையில் வந்த மருஹிரோ என்னும் நிறுவனமே அவரிடம் வந்தவர்களுள் முதன்மையானது. ஹசாமியின் பீங்கான் நெடுங்காலமாக அயலூரான அரித்தாவின் பெயரிலேயே விற்பனையாகிவந்தது. உற்பத்தி செய்த ஊரின் பெயரை ஒழுங்காகக் குறிப்பிட வேண்டுமென்ற கண்டிப்பு வந்தபோது, சொந்தப் பெயரை அறிந்தவர் எவருமில்லாத அவல நிலை ஏற்பட்டது. 2010 ஆம் ஆண்டில் 'ஹசாமி' என்ற ஊர்ப் பெயரையே தாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய தடித்த கோப்பைகள் வெளிவந்தன. ஊர் தன் பெயரை மீட்டுக்கொண்டது.

தக்காவோக்கா நகரின் கதை வேறு வகையானது. 1611 ஆம் ஆண்டில் அப்பகுதியின் பிரபு ஏழு உலோக வார்ப்பாளர்களை அழைத்துக் குடியேற்றியதிலிருந்து அங்கு வார்ப்புத் தொழில் நடக்கின்றது. நோசாக்கு என்னும் வார்ப்பகம் 1916 இல் தொடங்கியது. பித்தளையில் வார்த்து, மெருகிடாத நிலையில் மொத்த வியாபாரியிடம் ஒப்படைப்பதே அதன் வேலை. நோசாக்கு கட்சுஜி என்பவர் பத்திரிகைப் புகைப்படக் கலைஞராக இருந்து, திருமணத்தால் இக்குடும்பத்துள் வந்து, 1984 இல் வார்ப்புத் தொழிலாளியானவர். அவரே சொல்லும் சம்பவம் ஒன்றுண்டு. ஒருநாள் தாயொருவர் தம் பிள்ளையோடு தொழிலகத்தைப் பார்க்க வந்தார். கரி படிந்த முகத்தோடு வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் காட்டி, நன்றாகப் படிக்காவிட்டால் நீயும் இப்படித்தான் ஆவாய் என்று பிள்ளைக்குக் கூறினார்.

இந்தச் சொல்லைக் கேட்காத தொழிலாளி உலகில் எங்கும் இல்லை. கைப்பணி அழிவதற்கான காரணங்களை ஆராயும் அறிக்கைகள் மூலப்பொருளையும் கடன்வசதியையும் பற்றி எழுதுகின்றன. பிள்ளையின் காதில் தாய் சொல்லும் இவ்வார்த்தையைப் பற்றி எழுதுவதில்லை. தொழில் பழக இளைஞர் வராமைக்குக் கூலிக் குறைவு ஒரு காரணமென்றால் மானக் குறைவு மறு காரணம். இவ்விரண்டையும் ஒருங்கே தீர்க்காத எந்த உதவியும் அரைகுறையே.

நோசாக்கு செய்தது என்ன? 2001 ஆம் ஆண்டளவில் சொந்தப் பெயரில் பித்தளை மணியொன்றைச் செய்து ரோக்கியோக் கடையில் வைத்தார். மேசையில் வைத்து அடிக்கும் மணி யப்பானிய வீட்டில் எதற்கு? அது விலைபோகவில்லை. கடையில் நின்ற விற்பனையாளர் ஒருவர், நாதம் இனிமையாக இருக்கின்றதே, காற்றில் ஒலிக்கும் தொங்குமணியாக்கினால் என்ன என்று கேட்டார். அப்படியே செய்ய, ஆயிரக்கணக்கில் விற்றது. அடுத்து, வாடிக்கையாளர் உணவுப் பாத்திரம் கேட்கிறார்கள் என்ற செய்தியும் கடையிலிருந்தே வந்தது. செம்பு கலந்த உலோகம் உணவுக்கு ஏற்றதன்று என்பதால் தூய வெள்ளீயத்தை வார்த்தார். வெள்ளீயம் கையால் வளைக்கக்கூடிய அளவுக்கு மெதுவானது. குறையென்று கருதப்பட்ட அந்த மென்மையையே குணமாக்கி, வாங்குபவர் தாமே வளைத்து உருவம் கொடுக்கக்கூடிய கூடை செய்தார். 400 ஆண்டு மரபுள்ள ஊருக்கு வேண்டிய அறிவு கடையில் கூலிக்கு நின்ற பெண்ணிடமிருந்தும் வாங்க வந்தவரிடமிருந்தும் கிடைத்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். அடுக்கடுக்கான வியாபாரிகளைத் தாண்டி அந்த அறிவு முன்பு வந்து சேரவில்லை. 2017 ஆம் ஆண்டில் கட்டிய புதிய தொழிலகத்தை அவர் பார்வையாளருக்குத் திறந்துவிட்டார். ஓர் ஆண்டில் ஓர் இலட்சத்திற்கும் அதிகமானோர் வந்து பார்க்கும் இடமாகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வந்து வார்ப்பு வேலையைப் பார்க்கின்றனர். அந்தத் தாயின் வார்த்தைக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

பரம்பரைத் தொழிலோ முதலீடோ இல்லாதவர்கள் இதைச் செய்ய முடியுமா என்று கேட்போருக்கு யஜிமா ரிக்கா என்னும் பெண்ணைக் காட்டலாம். 2011 ஆம் ஆண்டில், பல்கலைக்கழக மாணவியாக இருக்கையில், தொழில்முயற்சிப் போட்டியொன்றில் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு 'அஎரு' என்னும் கம்பனியைத் தொடங்கினார். பிறந்த குழந்தை முதல் ஆறு வயதுப் பிள்ளை வரையானோருக்குக் கைப்பணிப் பொருள் செய்விப்பது அதன் தொழில். தொக்குஷிமாவின் அவுரிச் சாயமிட்ட குழந்தை உடுப்பு, உட்புறத்தில் விளிம்பு வளைந்திருப்பதால் சிறுபிள்ளை கரண்டியால் எடுக்கும்போது உணவு வெளியே சிந்தாத கிண்ணம் ஆகியன அவற்றுட் சில. கிண்ணம் உடைந்தால் அரக்கால் ஒட்டிப் பொன் பூசித் திருத்திக் கொடுக்கின்றார்கள். குழந்தைக்கு உடையாத பிளாஸ்ரிக்தானே கொடுக்கவேண்டும் என்ற பொது எண்ணத்திற்கு எதிரானது இது. உடையும் பொருளைக் கையாண்டால்தான் பிள்ளை கவனமாகக் கையாளப் பழகும் என்ற வாதத்தில் நியாயமுண்டு. கின்சாவுக்குப் போகும் பணக்காரரைத் தேடாது, பேரப்பிள்ளைக்குப் பரிசு வாங்கும் பாட்டியைத் தேடிய சாமர்த்தியமும் உண்டு.

இவற்றைச் சொல்லும்போது, மரபு என்ற பெயரை ஒட்டி வியாபாரம் செய்வோர் எல்லோரையும் நாம் புகழுவதாக எண்ணவேண்டாம். நகரத்து வடிவமைப்பாளர் ஒருவர் அரசாங்க உதவிப்பணத்தோடு கிராமத்திற்கு வந்து, அழகிய மாதிரிகள் சில செய்வித்து, படமெடுத்து, கண்காட்சி வைத்து, நிதியாண்டு முடிந்ததும் போய்விடும் வழக்கம் அங்கும் உண்டு. மாதிரிகள் அலுமாரியில் தூங்கும். கைப்பணிக் கண்காட்சி நடத்திய எவருக்கும் கடைசி நாள் மாலையில் பெட்டிகளைத் திரும்பக் கட்டும்போது ஏற்படும் மௌனம் தெரிந்திருக்கும்.

ஆகவே ஒரு கம்பனி கைப்பணியாளருக்கு நன்மை செய்கின்றதா என்று அறிவதற்கு நாம் அதன் விளம்பரத்தைப் படிக்கமாட்டோம். பொருளைக் காசு கொடுத்து வாங்குகின்றதா, விற்ற பின்னர் தருகின்றோம் என்று கடையில் வைத்துக்கொள்கின்றதா? மாதிரி செய்ய மூன்று கிழமை சென்றால் அந்த மூன்று கிழமைக்குக் கூலி யார் கொடுப்பது? பணம் மாத முடிவில் வருகின்றதா, பல மாதங்களின் பின்னர் பணமாகும் பத்திரமாக வருகின்றதா? யப்பானிய மொத்த வியாபாரத்தில் அத்தகைய பத்திரங்களால் மூச்சுத் திணறிய சிறு தொழிலகங்கள் அநேகம். விலை ஏறியபோது அது எவரைச் சென்றடைகின்றது என்று முன்னர் கேட்டதற்கு மறுமொழி இக்கேள்விகளிலேயே கிடைக்கும்.

இன்னும் ஒன்றையும் கேட்க வேண்டும். அது பலர் மறப்பது. கைப்பணியாளருக்குப் பின்னால் நிற்பவரின் நிலை என்ன? ஹசாமியில் சாந்து அச்சுச் செய்பவர் வேறு, அந்த அச்சில் களிமண்ணை உருவாக்குபவர் வேறு, சூளையில் சுடுபவர் வேறு. அச்சுச் செய்யும் முதியவர் கடையை மூடினால் சூளைக்காரரின் பெயரும் புகழும் ஒரு வருடத்தில் நின்றுபோகும். வண்ணமயமான கோப்பையைக் கையில் வைத்திருப்பவர் அந்த முதியவரை அறியமாட்டார். அறியவேண்டியவர் வியாபாரியே.

அரக்கின் கதை இதைவிட நீண்டது. உருஷி மரத்தை நட்டு 10 முதல் 15 ஆண்டு காத்திருக்கவேண்டும். பின்னர் ஒரு கோடை காலம் முழுவதும் பட்டையைக் கீறிக்கீறிப் பால் எடுத்தால் ஒரு மரத்திலிருந்து 200 மில்லிலீற்றர் அளவே கிடைக்கும். அத்துடன் மரம் வெட்டப்படும். யப்பானில் பயன்படும் அரக்கில் மிகப் பெரும் பங்கு சீனாவிலிருந்து வருவது. உள்நாட்டு அரக்கின் பெரும்பகுதி இவாத்தே மாகாணத்து ஜொபோஜிப் பகுதியிலிருந்து கிடைக்கின்றது. தேசிய மரபுரிமைக் கட்டடங்களின் திருத்த வேலைக்கு உள்நாட்டு அரக்கையே பயன்படுத்தவேண்டுமென்று கலாசார அலுவல்கள் முகவரகம் 2015 இல் அறிவித்தது. அதன் பின்னரே மரம் நடுவதற்கும் பால் எடுக்கப் பழகுவதற்கும் இளையவர்கள் முன்வரத் தொடங்கினர். அரசாங்கத்தால் ஆகக்கூடிய மிகச் சிறந்த உதவி இதுவே என்பது எமது அபிப்பிராயம். அது உதவிப்பணம் கொடுத்ததைவிட மேலாக, வாடிக்கையாளராக நின்றது.

2024 ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி நோட்டோ தீவகற்பத்தைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. வஜிமாவின் சந்தைத் தெருப் பகுதி தீயில் எரிந்தது. தொழிலகங்கள் இடிந்தன, பல தலைமுறைகளாகச் சேர்த்த கருவிகளும் மாதிரிகளும் சாம்பலாயின. அரசாங்கம் தற்காலிகத் தொழிற்கூடங்களைக் கட்டிக் கொடுத்தது. கூரை கிடைத்தது. ஆனால் மரம் கடைபவர் வேறு ஊரில் மகள் வீட்டில் இருக்கின்றார், அடிப்பூச்சுக்காரர் எழுபதைத் தாண்டியவர் என்ற நிலை வரும்போது, அவர்களைத் திரும்ப அழைப்பதற்குக் கூரை போதாது. ஒரு கிண்ணம் முடிவதற்கு மாதக்கணக்காகும். அந்த மாதங்களுக்கெல்லாம் முற்பணம் கொடுத்து, இத்தனை கிண்ணங்கள் வேண்டும், இன்ன மாதத்திற்குள் வேண்டும் என்று எழுதிய கட்டளைத்தாளோடு அந்த மகளின் வீட்டுக் கதவைத் தட்டும் நுஷியா ஒருவர் வேண்டும்.